பின்சில்லுக்கு மேலே

14.07.1996, ஞாயிறு

அம்மாவின் அஸ்தியை இன்று அப்பாவும் நானும் மேற்குக் கடலில் கரைத்தோம். திரும்பும்போது, மழையில் ஊறிய களிமண் ஏற்றத்தில் எங்கள் வான் வண்டி வழுக்கி நின்றது. பின்சில்லுகள் சும்மா சுழன்றன. அப்பா பழக்கத்தில் பாதையைப் பார்த்தபடியே, “இஞ்சேரும், பின்னுக்குப் போய் இரும்,” என்றார்.

அப்படி அவர் அம்மாவை மட்டும்தான் கூப்பிடுவார். எங்கே வழுக்கினாலும் பாரத்துக்கு அம்மா பின்சில்லுக்கு மேலே போய் இருப்பார். “நான் இல்லாட்டி உங்கட வான் ஏறாது,” என்பார். “ஓம், மணல் மூட்டை ஏத்துற செலவு மிச்சம்,” என்று அப்பா சிரிப்பார்.

நான் முன் இருக்கையிலிருந்து எழும்பிப் போய் அங்கே இருந்தேன். என் பாரம் போதவில்லை. நான் நூலகப் புத்தகமொன்றில் வாசித்திருந்தபடி ரயர்களில் காற்றைக் கொஞ்சம் குறைத்த பிறகே ஏறினோம்.

வீடு வரும்வரை அப்பா என்னை முன்னுக்குக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.