எங்கள் வீட்டுச் சரிவு

ஜனவரி 9, வெள்ளி

காலையில் யன்னலால் எட்டிப் பார்த்தால் கராஜிலிருந்து வீதிக்கு இறங்கும் டிறைவே பனியில்லாமல் துப்புரவாகக் கிடக்கிறது. நான் துப்புரவாக்கவில்லை.

வீதி வெள்ளை, அயல்வீட்டுக் கூரைகள் வெள்ளை. எங்கள் சரிவு மட்டும் கறுப்பு. மகன் வினோதனைக் கேட்டேன்.

"ஆள் பிடிச்சிருக்கிறன் அப்பா. நிசாந்தன் எண்டு எங்கடை பெடியன்தான். ஸ்நோ கொட்டினால் ட்ரக்கோடை வந்து தள்ளிப்போட்டுப் போவான்."

என்னைப் பார்க்காமல், தேத்தண்ணியைப் பார்த்துச் சொல்கிறான்.

ரூஜ் பகுதியில் இந்த வீட்டை மகன் வாங்கிய நாளிலிருந்து இந்தச் சரிவு என் பொறுப்பு. ஒழுங்கையிலேயே மேட்டு வீடு எங்களுடையது. கராஜ் வாசலில் ஒரு தோடம்பழத்தை விட்டால் எதிர்வீட்டுப் படியில் போய்த்தான் நிற்கும். எங்கே முதலில் இறுகும், காற்று எந்தப் பக்கம் குவிக்கும், எந்தக் குளிருக்கு உப்பு, எந்தக் குளிருக்கு மணல் – யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விழுந்தெழும்பிப் படித்தது.

"டொக்ரர் சொன்னவர்தானே. நெஞ்சிலை ஸ்ரென்ட் வைச்ச ஆள் பனி தள்ளுற சவலோடை நிக்கக்கூடாது."

பாரம் தள்ளாதே என்றுதான் டொக்ரர் சொன்னார். நிற்காதே என்று சொல்லவில்லை.

பேத்தி பிறந்து இரண்டு கிழமை. வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. என் மனைவி ரதி பத்தியச் சரக்கு அரைக்கிறாள். மருமகள் துர்க்கா பால் கொடுக்கிறாள். மகன் உழைக்கிறான். எனக்கென்று இருந்தது இது ஒன்று.

ஜனவரி 10

வினோதனுடன் பேசவில்லை.

ஜனவரி 11

பேசவில்லை. அவன் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பிள்ளை பிறந்த துடக்கு வீடு, அதனால் பொங்கல் இல்லை. பனி மட்டும் தாராளம்.

இன்று நான் முந்திக்கொண்டேன். நிசாந்தனின் ட்ரக் வரும்போது கீழ்ப்பாதிக்கு வந்துவிட்டேன். நாற்பது வயதிருக்கும், தாடிக்காரன். கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்.

"அங்கிள், என்ரை பிழைப்பிலை மண்ணைப் போடுறியளே."

"மண் போட்டால் நல்லது தம்பி. சறுக்காது. நீர் அதுவும் போடுறேல்லை."

"உப்புப் போடுறனான் அங்கிள்."

"உம்மடை ட்ரக் பிளேட் அடியிலை ஒரு பனித்தோல் விட்டிட்டுப் போகுது. அதுதான் பிறகு கண்ணாடியாகிறது."

"உங்கடை டிறைவேக்கு ட்ரக் சரிவராது அங்கிள், கயிறு கட்டித்தான் ஏறவேணும்" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பின்னேரம் வினோதன் என் சவலைத் தன் காரின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். எழுபத்துமூன்று வயதில் மகன் சவலை ஒளிக்கிறான்! சின்ன வயதில் அவனுடைய பந்தை நான் ஒளித்ததுண்டு. ஆனால் அவன் கணக்கில் பெயில் விட்டதற்கு. நான் எதில் பெயில்?

ஜனவரி 19

பனி. ட்ரக் வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பேத்திக்கு முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிவு நன்றாக நடந்தது. ஐயர் அவசரக்காரர், ஸ்ரௌவ்வில்லில் இன்னொரு வீடு இருக்கிறதாம். அறுகம்புல் மிதந்த மஞ்சள் தண்ணீரை மாவிலையால் அறை அறையாகத் தெளித்தார், படுக்கை, தொட்டில், ரீவி உட்பட. பிள்ளையின் மூக்கில் ஒரு துளி விழ, அது தும்மியது. எல்லாரும் சிரித்தோம். வினோதன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன்.

ஐயர் போனபிறகு வாளியில் முக்கால்வாசி மிச்சம்.

"பின்னாலை மரத்தடியிலை ஊத்துங்கோ" என்றாள் ரதி. "முன்னுக்கு ஊத்தாதேங்கோ."

"வாசல் தெளிக்காமல் என்ன துடக்குக் கழிவு? ஐயருக்கு அவசரம், எனக்கில்லை."

கராஜ் வாசலில் நின்று வாளி முடியும்வரை வீசித் தெளித்தேன். நல்ல இளக்கமான நாள், கூரை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. முறையாகச் செய்த திருப்தி.

ஜனவரி 26, திங்கள்

ரதி விழுந்துவிட்டாள்.

இரவு மைனஸ் பதினைந்துக்கு இறங்கி, மேலே மெல்லிய பனியும் தூவியிருக்கிறது. காலையில் ட்ரக் வந்து தள்ளிவிட்டுப் போனது. குப்பை எடுக்கும் நாள். குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுப்பது என் வேலை. நான் போகவில்லை – டிறைவே என்னுடையதில்லை என்றால் குப்பை மட்டும் ஏன் என்னுடையது என்று படுத்திருந்தேன். ரதி கோட்டைப் போட்டுக்கொண்டு தானே போனாள். சத்தம் கேட்டது. குப்பைத் தொட்டி தனியாக வீதிவரை உருண்டது. அவள் கராஜ் வாசலிலேயே கிடந்தாள்.

வலது மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஆசுப்பத்திரியில் வைத்தே வினோதனிடம் சொன்னேன்: "உவன் உப்புப் போடேல்லை. நான் அண்டைக்கே சொன்னனான்." அவன் அங்கேயே நிசாந்தனுக்குப் போன் அடித்தான். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. "அண்ணை, போட்டனான் அண்ணை. ரெண்டு தரம் போட்டனான். மேல் பக்கம் ஏதோ தடிப்பாய் இறுகிக் கிடக்குது, அதுதான்..." வினோதன் முடிக்க விடவில்லை. இனி வரவேண்டாம் என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பின்பெட்டியைத் திறந்து சவலை என் கையில் தந்தான். "கவனம் அப்பா. மெல்ல மெல்ல."

இதைத்தானே கேட்டேன்.

ஜனவரி 28, புதன்

வெயில், ஆனால் உறைகுளிர். பனிக்கட்டி கொத்தும் அலவாங்கோடு மேல்பக்கம் போனேன். நிசாந்தன் விட்ட தோலைக் காட்டி வினோதனுக்குப் படம் எடுத்து அனுப்பும் எண்ணம்.

பனியைத் தட்டினால் கீழே மஞ்சள். நாய் என்று நினைத்தேன். எந்த நாய் இவ்வளவு பெய்யும்? கூரைச் சொட்டும் சேர்ந்து விரல் தடிப்பில் தகடு தகடாக, கராஜ் வாசலிலிருந்து சரிவில் பாதிவரை. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். உள்ளே ஒரு அறுகம்புல் நிமிர்ந்து நின்றது, கண்ணாடிக்குள் வைத்ததுபோல.

படம் எடுக்கவில்லை. இருட்டுப்படும்வரை கொத்தி, கொத்தியதை எல்லாம் பின்வளவு மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஜனவரி 29

யாருக்கு என்ன சொல்வது? அவன் உப்புப் போட்டது போதாதுதானே. மைனஸ் பதினைந்துக்கு உப்புப் பிடிக்காது எண்டு தெரியாதவன் என்ன கொன்ராக்ட் எடுக்கிறான்? மணல் போட்டிருக்கவேணும். பார்த்தவன், தடிப்பாய்க் கிடக்குது எண்டு கண்டவன், இறங்கி வந்து கதவைத் தட்டியிருக்கலாமே. தட்டினால் நான் எழும்பியிருப்பனோ? எழும்பியிருக்கமாட்டன். அது வேறை கதை. நான் ஏன் சொல்லோணும்? சொன்னால் சவல் திரும்பப் பெட்டிக்குள்ளை. பிறகு நான் ஆர் இந்த வீட்டிலை?

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ரதியின் கையைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

ரதியால் ஒரு கையால் தலை இழுக்க முடியவில்லை. துர்க்கா பிள்ளையோடு மேலே. நான் சீப்பை வாங்கினேன். கலியாணம் கட்டி நாற்பத்தைந்து வருடம், அவளுடைய தலைமயிரில் சிக்கு எங்கே இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நோகுதோ?"

"நீங்கள் இழுக்கிற இழுவைக்குக் கை பரவாயில்லை."

தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "கோட்டைக் கழுவேக்கை தண்ணி மஞ்சளாய்ப் போச்சுது."

சீப்பு நின்றுவிட்டது.

"அண்டைக்கே தெரியுமோ?"

"விழுந்து கிடக்கேக்கையே தெரியும். மூஞ்சைக்குப் பக்கத்திலை கிடந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

"சவல் கிடைச்ச மனுசன் சந்தோசமாய் இருக்கிறார். ஏன் கெடுப்பான் எண்டு விட்டன்." பிறகு, "ஆனால் அந்தப் பெடியனும் பிள்ளைகுட்டிக்காரன்" என்றாள்.

ஜனவரி 31, சனி

மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன். வாளி, வாசல், மஞ்சள் – எல்லாம். வினோதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். துர்க்காதான் முதலில் வாய் திறந்தாள்: "மாமா, மைனஸ் பதினைஞ்சிலை வோட்டரா?"

"ஊத்தேக்கை மைனஸ் இல்லை" என்றேன். அது உண்மை.

வினோதன் நம்பரை அடித்துத் தந்தான். நானே கதைத்தேன்.

"தம்பி, இராஜரட்ணம். மேட்டு வீடு. நீர் உப்புப் போட்டனீர்தான்."

"எனக்குத் தெரியும் அங்கிள்."

"அது நான் ஊத்தின தண்ணி. மகன் பேசினது பிழை. நான் சொல்லித்தான் பேசினவன்."

"அன்ரிக்குக் கை எப்பிடி?"

இதை அவன் கேட்டிருக்கவேண்டாம்.

திரும்ப வரச்சொன்னேன். தன் வாயால் ஒரு பழி சொல்லவில்லை. உங்கள் இடத்துக்கு வேறு இரண்டு வீடு எடுத்துவிட்டேன், இந்தக் குளிருக்கு இனி இடமில்லை, அடுத்த முறை பார்ப்போம் அங்கிள் என்றான். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது.

பிப்ரவரி 3

வினோதன் வேறு ஆள் தேடுகிறான். எல்லாரும் நிறைந்துவிட்டார்களாம். சவல் கராஜ் சுவரில் சாத்தியபடி இருக்கிறது. யாரும் பூட்டவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

முழங்கால்வரை பனி. நான்தான் முதலில் இறங்கினேன். மேல் பக்கத்தில் மூன்று பாகத் தூரம் தள்ளியிருப்பேன், நெஞ்சுக்குள் ஒரு கை வந்து பொத்திப் பிடித்தது. சவலை ஊன்றிக்கொண்டு நின்றேன். கீழே வீதியில் சிற்றி மெசின் தள்ளிவிட்டுப் போன பனி மதில். அதை நான் இன்று உடைக்கப் போவதில்லை என்று தெரிந்தது. இன்று மட்டும் அல்ல.

பிடி விட்டதும் உள்ளே போய் மகனின் அறைக் கதவைத் தட்டினேன்.

"வினோதன், ஒருக்கா எழும்பு. என்னாலை ஏலாமல் கிடக்குது."

காற்சட்டைக்கு மேல் காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தான். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், ஆசுப்பத்திரி என்றான், நான் வேண்டாம் என்றேன், கத்தினான். திங்கட்கிழமை டொக்ரரிடம் போவதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் சவலை எடுத்தான்.

கராஜுக்குள் கதிரை போட்டு இருத்திவிட்டுப் போயிருக்கிறான். ரதி இடதுகையால் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். காற்று மேற்கிலிருந்து வருகிறது. அவன் பனியை மேற்குப் பக்கம்தான் எறிகிறான். அவ்வளவும் திரும்பி வந்து அவன் முகத்தில் அடிக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.