ஈஸ்டர் முடிந்தும் முடியாத உபவாசம்

அம்பத்தூர்,
ஜூன் மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஷாரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மூவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் இரண்டு பேர் சுகம், உன் தங்கை சுகமாகிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதுவதுதான் சரி. மஸ்கட்டில் வெயில் எப்படி, ஏ.சி.யை ராத்திரியெல்லாம் ஓடவிட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் ரெனிதா பக்கத்திலேயே நிற்கிறாள், உன் அப்பாவோ நான் வாயைத் திறக்கும்முன் "எல்லாம் நல்லா கீதும்மா, நீ வேலையப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறார். உன்னோடு வேலை செய்கிற லாவண்யா லீவு முடிந்து கிளம்புகிறாள், அவளிடம் இட்லிப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடி கொட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

போன மாதம் ரெனிதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வயிற்றில் சின்ன இன்ஃபெக்‌ஷன் என்று உனக்குச் சொன்னோம். அது சின்னதும் இல்லை, இன்ஃபெக்‌ஷனும் இல்லை. குரோன் நோயாம், குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகிப் போகிற நோய். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட வருமா என்று கேட்டேன், வரும் என்றார்கள். வந்து ஒரு வருஷத்துக்கு மேல் நம் வீட்டிலேயே தங்கியிருந்திருக்கிறது, நாங்கள்தான் ஆள் யாரென்று விசாரிக்காமல் உபசாரம் செய்திருக்கிறோம். முதலில் வாய்ப்புண் வந்தது. உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தேன், போய்விட்டு மறுபடி வந்தது, மறுபடி கொடுத்தேன். பிறகு முழங்காலுக்குக் கீழே சிவப்பாகத் தடித்துத் தொட்டாலே வலித்தது, கொசு என்றோம். நம் ஏரிக் கொசுவின் மேல் எந்தப் பழியையும் போடலாம், அது வந்து மறுக்கப்போவதில்லை. பிறகு மூட்டில் வலி வந்தது, வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று உன் அப்பா தீர்ப்புச் சொன்னார். பிள்ளை வளரவே இல்லை என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

உனக்குத்தான் தெரியுமே, யூனிஃபார்ம் பாவாடையில் நான் எப்போதும் உள்ளே அகலமாக மடிப்பு வைத்துத் தைப்பேன், வருஷா வருஷம் பிரித்துவிடலாம் என்று. உனக்குப் பிரித்துப் பிரித்தே துணி நைந்துபோகும். இவளுக்கு இரண்டு வருஷமாகப் பிரிக்கவே வேலை வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, துணி நல்ல துணி, பிள்ளையும் பாந்தமாகப் போடுகிறாள் என்று சபையில் மற்ற அம்மாக்களிடம் கடையின் பெயரைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா மட்டும் என்ன, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் ஒரு தலைமுடி அளவு பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற இன்ஸ்பெக்டர், வீட்டில் ஒரு பெண் இரண்டு வருஷமாக ஒரே அளவில் நிற்பதைப் பாஸ் பண்ணிவிட்டார். கேட்டால் "நம்ம ஊட்ல எல்லாரும் குள்ளம்தானே" என்கிறார். அவர் உயரம் உனக்குத் தெரியும், மின்விசிறியைத் துடைக்க அவருக்கு முக்காலிகூட வேண்டாம்.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. ரெனிதா மதியச் சாப்பாடு வேண்டாம், உபவாசம் என்றாள். எனக்கு முதலில் ஆச்சரியம், பிறகு பெருமை. உன் அப்பா சும்மா இருப்பாரா, சபைக் கமிட்டியில் சொன்னார், கமிட்டி ஆயரிடம் சொன்னது, ஆயர் பிரசங்கத்தில் இவள் பெயரைச் சொல்லி இந்தச் சிறு பிள்ளையின் பக்தியைப் பாருங்கள் என்றார். உன் அப்பாவின் நடையே மாறிப்போனது. அந்த வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டோம், நீ வரிசையாகக் கைகூப்பிப் பொம்மை போட்டாய், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்து வீட்டு ஜாக்சன் தன் பையனை இவளோடு ஒப்பிட்டுத் திட்டித் தீர்த்தான். இத்தனை பாராட்டு வாங்கிய பிள்ளை அடுத்த வாரத்திலிருந்து இரவுச் சாப்பாட்டையும் விட்டது. அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து வந்து மட்டன் பிரியாணி பரிமாறினேன். "உபவாசம் முடிஞ்சிச்சுடா கண்ணு, நல்லா துன்னு" என்று உன் அப்பா தன் தட்டிலிருந்த நல்லியை எடுத்து அவள் தட்டில் வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டாள், அப்படியே குனிந்துகொண்டாள், பார்த்தால் கண்ணீர் சோற்றில் சொட்டுகிறது. "சாப்ட்டா வலிக்குதுப்பா. சும்மா வேணாம்னா திட்டுவீங்க, உபவாசம்னா யாரும் திட்டல" என்றாள். ஷாரன், ஒரு வாய் சோற்றுக்குப் பயந்து ஒரு பிள்ளை ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று மெச்சியிருக்கிறோம். அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாளே முகப்பேரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். பேதியே இல்லை, அதனால்தான் வயிற்றுக் கோளாறு என்று நினைக்கவில்லை என்றேன். பேதி இல்லாமலும் இது வரும் என்றார். வாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மூட்டை அழுத்தினார், கண் சிவக்குமா என்று கேட்டார், பள்ளியில் எடுத்த பழைய உயரம் எடையெல்லாம் கேட்டு வாங்கினார். பிறகு உன் அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, வெளிக்குப் போகும்போது வலிக்குமா என்று மெதுவாகக் கேட்டார். பல மாதமாக வலிக்கிறதாம், அந்த இடத்தில் சதை வேறு தடித்திருக்கிறதாம், கூச்சப்பட்டுக்கொண்டு என்னிடம் சொல்லவில்லையாம். இந்த வீட்டில் ஒரு டம்ளர் இடம் மாறினாலும் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். "எல்லாம் ஒரே நோய்தாம்மா, வயித்துல இருந்துகிட்டு வாயிலயும் கால்லயும் எட்டிப் பாத்திருக்கு, நீங்க தனித்தனியா வைத்தியம் பண்ணிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா, திட்டாமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார், அங்கே ரத்தம், மலம் எல்லாம் பார்த்து, மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டும் பார்த்து உறுதி செய்தார்கள்.

முழுசாகப் போய்விடுகிற நோய் இல்லையாம், அடக்கி வைக்கலாமாம், மாத்திரை நீண்ட நாள் வேண்டியிருக்குமாம். குடல் ஆற இப்போது என்ன வைத்தியம் தெரியுமா, சில வாரங்களுக்குச் சோறு, இட்லி எதுவும் கூடாது, மாவைக் கரைத்த சத்துப்பால் மட்டும். ஆக, ஈஸ்டர் முடிந்து இப்போதுதான் அவளுக்கு நிஜ உபவாசம், இதற்கு எந்த ஆயரும் பெயர் சொல்லிப் பாராட்டவில்லை. உன் அப்பா வாசனை வரக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை மீனையே நிறுத்திவிட்டார், மோர்சாதத்தை அடுப்படியில் நின்றபடி திருடன் மாதிரி சாப்பிடுகிறார். மூட்டு வலி குறைந்திருக்கிறது, வாய்ப்புண் இல்லை, எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நேற்று நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன், பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு "பசிக்குதும்மா, ஒரே ஒரு வாய் சோறு குடேன்" என்றாள். அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க ஒரு வருஷமாக நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கேட்ட அன்று, கூடாதுடி தங்கம் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், துக்கமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான்.

நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே, டிசம்பருக்கு வந்தால் போதும். உனக்கும் அடிக்கடி வருகிற வாய்ப்புண்ணைச் சூடு என்று விட்டுவிடாமல் ஒருமுறை டாக்டரிடம் காட்டு, இது சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருமாம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. நீ போன் எடுத்தவுடன் வழக்கமாகக் கேட்கிறாயே, சாப்ட்டியா என்று, அதை இப்போது அவளிடம் கேட்காதே. பசிக்குதா என்று கேள். ஆமாம்க்கா, ரொம்ப என்பாள். அந்தக் குரலை நீயும் ஒருமுறை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத வேளையில்லாத அம்மா,
சாராள் சத்தியராஜ்