அன்னா எழுதாத இரண்டு சாவுகள்

அக்கா,

இன்று இங்கே கொலோன் நகரத்துக் கடையொன்றில் சோளமாப் பொதி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வாங்க மனம் வரவில்லை. நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது.

அன்னாவின் ரொட்டி என்று சொல்லி ஒருநாள் சுட்டீர்களே. நீங்கள் பராமரிக்கப் போன ஜெர்மன் மூதாட்டி, தன் குடும்பத்துப் பழைய கடிதங்களின் தட்டச்சுப் பிரதியை உங்களுக்குத் தந்திருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டியின் தமக்கைதான் அன்னா. புருஷனோடு கப்பலேறி அமெரிக்காவில் மிசூரிக் காட்டுக்குக் குடிபோனவள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் குசினியில் நீங்கள் ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் வெங்காயம் உரிப்பேன். மரம் தறித்துக் கட்டிய ஒற்றை அறை வீடு. முதல் வருடம் முழுக்கச் சோளமா ரொட்டிதான். புருஷன் குளிர்காய்ச்சலில் கிடக்க அவளே ஏர் பிடித்தாள். நீங்களோ அந்த ரொட்டிக்குப் பச்சைமிளகாய் வெட்டிப் போட்டுவிட்டு, "பாவம், உறைப்பில்லாமல் என்னெண்டு திண்டவளோ" என்றீர்கள்.

எல்லாக் கடிதமும் ஊரிலிருந்த தாய்க்கு. எல்லாவற்றிலும் 'பிள்ளைகள் நால்வரும் சுகம்' என்றிருக்கும். தாயும் வருடா வருடம் நாலு சோடிக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினாள். கடைசிக் கடிதம், அந்தத் தாய் இறந்தபின் அன்னாவின் மூத்த மகன் தன் சித்திக்கு எழுதியது. சின்னவர்கள் இருவரும் காய்ச்சலில் செத்து ஏழு வருடம். அம்மாதான் சொல்லவேண்டாம் என்றார் என்று எழுதியிருந்தான்.

நீங்கள் தாளை மேசையில் அடித்தீர்கள். "கிழவி செத்த பிள்ளையளுக்கெல்லோ பின்னிக்கொண்டு இருந்திருக்கு. பெத்த தாயிட்டை இப்பிடிப் பொய் சொல்லுவாளோ?"

"தூரத்திலை இருக்கிறவைக்கு வேறை என்னத்தை எழுதிறது அக்கா? நாங்களும் இதைத்தானே செய்யிறம்" என்றேன்.

"எனக்கு ஒருநாளும் உப்பிடிச் செய்துபோடாதை."

பிறகு நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாழ்ப்பாணத்தில் உங்கள் தம்பி மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்து அழுதார். "மச்சாளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா." ஓம் என்றேன். நோயில் கிடக்கிற வருத்தக்காரருக்குச் சாவு சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதை மீற எனக்குத் துணிவும் இல்லை. "தம்பி போன் எடுத்தவனோ?" என்று நீங்கள் கேட்டபோது, "எடுத்தவர், நீங்கள் நல்ல நித்திரை" என்றேன். கெட்டித்தனமாகச் சமாளித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்தநாள் தாதி நோவுக்கு மாத்திரை கொண்டுவந்தபோது வேண்டாம் என்றீர்கள்.

"அதைப் போட்டால் நித்திரை வந்திடும். அவன் எடுக்கேக்கை நான் முழிச்சிருக்கவேணும்."

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனையே பார்த்துக் கிடந்தீர்கள். உங்கள் நெற்றி வியர்வையை நான் துடைத்தேன். "இண்டைக்கு எடுப்பான்" என்றீர்கள். "ஓம் அக்கா, எடுப்பார்" என்றேன். உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அன்னாவுக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

செத்தவீட்டில் எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள். ஒன்றும் தெரியாமல் நிம்மதியாகப் போனீர்களாம். அது உங்கள் நோவைக் காணாதவர்களின் பேச்சு. உங்கள் தம்பி மனைவி இப்போதும் மாதத்தில் ஒருநாள் போன் எடுத்து, "நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டம்" என்கிறார். நேற்றும் எடுத்தார். நீங்கள் மாத்திரை வேண்டாம் என்று கிடந்த மூன்று நாள் அவருக்குத் தெரியாது. நானும் நேற்று, "அதுக்கென்ன, அக்காவுக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது" என்றேன்.