வெளியில் நின்று கழற்றிய கதவு

அப்பு,

இன்று உங்களுடைய ஆட்டைத் திவசம்; நீங்கள் போய் ஒரு வருடம். விடியவே மழை. முன்கதவு ஊறிப்போய்த் திறக்க மறுத்தது. சமைக்க வந்த சித்தி வெளியில் நனைந்துகொண்டு நிற்க, நான் உள்ளே நின்று இழுத்த இழுவையில் ஈர முதிரைப் பலகையின் மணம் வந்தது. கூடவே உங்கள் ஞாபகமும். இந்தக் கதவுக்கும் உங்களுக்கும் ஒரே பிடிவாதம்.

அம்மா தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்தபோது, "இனி உன்ர வாசல்படி மிதிக்க மாட்டன்" என்று மகளிடம் சொன்னீர்களாம். சொன்னபடியே இருந்தீர்கள். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு வேலிப் படலைவரை சைக்கிளில் வருவீர்கள். மணியடித்து என்னையும் தம்பியையும் கூப்பிட்டு, மாம்பழமும் ஏச்சும் சேர்த்துத் தந்துவிட்டுப் போவீர்கள். அம்மா தேத்தண்ணியோடு வாசலில் நிற்பார். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவும் மாட்டீர்கள். அப்போது உங்கள்மேல் எனக்குக் கடுங்கோபம். இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

பிறகு சண்டை, இடம்பெயர்வு. நாங்கள் உடுத்த உடுப்போடு உடையார்கட்டுக்கு வந்து சேர்ந்தோம். மூன்றாம் நாள் நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். பக்கவாட்டில் எங்கள் வீட்டு முன்கதவு கட்டியிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஐயா, அப்ப உள்ளுக்குப் போனனீங்களோ?" அம்மா அழுதபடி கேட்டார்.

"ஆர் போனது? வெளியில நிண்டுதான் கழட்டினனான்," என்று சீறினீர்கள். "கதவில்லாமல் பிள்ளையளோட எப்பிடிப் படுப்பாய்?"

கலியாணத்துக்குப் பிந்திய பன்னிரண்டு வருடங்களில் அம்மாவோடு நீங்கள் கதைத்தது அவ்வளவுதான். அதன்பிறகும், நாங்கள் கிளிநொச்சிக்குத் திரும்பி இந்தக் கதவைப் பழைய நிலைச்சட்டத்திலேயே மாட்டியபோதும், எங்கள் காணியிலேயே தனிக்கொட்டில் போட்டு, அம்மா அனுப்பிய கறிக்குக் குறை சொல்லிக்கொண்டு, இந்த வாசலுக்கு வராமலே போய்விட்டீர்கள்.

நீங்கள் போன முப்பத்தோராம் நாள் வாசித்த கல்வெட்டு நினைவுப்பாட்டில் உங்களை 'இன்சொல் அன்றி அறியாதவர்' என்று பாடியிருந்தார்கள். வாசித்த மாமாவுக்கே அந்த இடத்தில் இருமல் வந்துவிட்டது.

இன்றும் படைத்துச் சாப்பிட்டபின் அதே கதைதான். தங்கமான மனிதர் என்றார் சித்தி. நெருப்பு என்றார் மாமா. இதற்கிடையில் தம்பி கதவைக் கழற்றி ஓரம் சீவலாம் என்று திருப்புளியோடு வந்தான். வெளியில் நின்று கீல் பக்கமாகச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான்.

"அம்மா, பிணைச்சல் ஆணி எல்லாம் உள்பக்கமெல்லோ இருக்கு. வெளியில நிண்டு இதைக் கழட்டேலாது."

மாமாவும் சித்தியும் எழுந்துபோய்ப் பார்த்தார்கள். அம்மா மட்டும் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். நான் வாய் திறந்திருந்தால் கதவைத் திருப்பிக் கொண்டுபோயிருப்பார்," என்றார். சித்தி சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பிறகு கதவில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா என்ர வீட்டுக்கு வந்தவர், பிள்ளை. நான்தான் வீட்டில இல்லை."

கதவைச் சீவவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன், அப்பு. மழைக்கு இறுகினால் இறுகட்டும். நாங்கள் தோளால் இடித்துத் திறந்துகொள்கிறோம்.