தங்கை வீட்டுக் கூரை

மார்ச் 4

லியென் போன் செய்தாள். இடுப்பெலும்பு முறிந்து கூடியதிலிருந்து அவளால் படகில் ஏற முடியவில்லை. அம்மாவின் திதியை இந்த வருஷம் தன் வீட்டிலேயே வைக்கப்போகிறாளாம். மீகாங் ஆற்றின் நடுத்திட்டில் இருக்கிறது அவள் வீடு. சின்னப் படகை விட்டால் வேறு வழி இல்லை.

"அக்கா, முப்பது வருஷமா நான்தானே உன் வீட்டுக்கு வர்றேன். என் வீட்டுக் கூரை என்ன நிறம், சொல்லு பாப்போம்?"

தெரியவில்லை. தங்கை வீட்டை நான் பார்த்ததே இல்லை. பத்து வயதில் மூங்கில் பாலத்திலிருந்து வாய்க்காலில் விழுந்தேன். அதன்பின் சின்னப் படகில் கால் வைத்ததில்லை.

மார்ச் 5

மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படகுத்துறை வரை போனேன். கால் நகரவில்லை. திரும்பிவிட்டேன்.

மார்ச் 9

நீந்தத் தெரிந்தால் பயம் போகுமா? அறுபத்தாறு வயதில்?

கணவர் கியெட்டிடம் கேட்டேன். அவர் தண்ணீரில் வாத்து மாதிரி. சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ போய் ஒரு வாழைமரத்தை வெட்டி வாய்க்காலில் தள்ளினார்.

"பிடிச்சுக்க, டீச்சர். இங்க எல்லாரும் இதைக் கட்டிப்பிடிச்சுத்தான் நீச்சல் கத்துக்கிட்டோம்."

மார்ச் 17

வாழைத்தண்டு மிதக்கிறது, நான் மூழ்குகிறேன். இரும்பு ஆணி மூழ்கும், இரும்புக் கப்பல் மிதக்கும், ஏன்? ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் கேட்பேன். கையை விட்டதும் நான் மட்டும் ஆணி ஆகிவிடுகிறேனே, ஏன்?

மார்ச் 18

மூக்கெல்லாம் தண்ணி. போதும். இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்? — லியென் தனியா ஊதுபத்தி ஏத்துவா. ஏத்தட்டுமே.

இல்லை. நாளையும் இறங்க வேண்டும்.

மார்ச் 26

இங்கே பிள்ளைகள் தட்டாம்பூச்சியைப் பிடித்துத் தொப்புளில் கடிக்க விடுவார்கள். கடித்தால் நீச்சல் வந்துவிடுமாம். இன்று கியெட் ஒன்றைப் பிடித்து வந்து நின்றார்.

"மூடநம்பிக்கை," என்றேன்.

"சோதிச்சுப் பாக்காமயே முடிவு சொல்றியே, நீ சயின்ஸ் டீச்சரா, சோசியக்காரியா?"

சட்டையைத் தூக்கினேன். சுருக்! நான் துள்ளிய துள்ளலில் அவர் சிரித்து, வழுக்கி, சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அதே சிரிப்போடு தண்ணீரில் மல்லாந்தேன். காது நனைந்தது. மேலே வானம்.

வாழைத்தண்டை எப்போது விட்டேன்?

மார்ச் 27

தட்டான் இல்லாமல் மறுபடியும் மிதந்தேன். இத்தனை நாளும் பயத்தில் தலையைத் தூக்கியபடி இருந்திருக்கிறேன். தலை ஏறினால் கால் இறங்குகிறது, பள்ளிக்கூடத்துச் சீசா பலகை மாதிரி. நேற்றுச் சிரிப்பில் கழுத்து தளர்ந்ததா, தட்டான்தான் வேலை செய்ததா? ஒரு சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு கடிக்கு நான் தயாராக இல்லை.

ஏப்ரல் 4

வாய்க்காலின் அக்கரை வரை நீந்தினேன். "தவளை கூட உன்ன மாதிரி உதைக்காது," என்றார் கியெட். துண்டை நீட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

ஏப்ரல் 12

லியென் வீட்டில் எழுதுகிறேன்.

படகு ஆடியபோது விளிம்பைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டு, அம்மாவின் படையலுக்காக மடியில் வைத்திருந்த கறிப்பானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கைத்தடியோடு துறையில் நின்றிருந்தாள்.

"வாங்க, வாங்க! வழி கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆச்சாக்கும்?" என்றவள், என் கையைப் பிடித்தவள்தான், அம்மா படத்துக்கு முன்னால் போய் நிற்கும்வரை விடவில்லை.

கூரை நீலம். ஒரு மூலையில் மட்டும் சிவப்புத் தகடு; போன மழையில் ஒழுகியதாம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஆழம் எவ்வளவு என்று காலையில் தெரிந்துவிடும்.