நீ மாற்றிச் சொன்ன முடிவுகள்

என் மரகதம்,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஒரு வருடத்தில் பதினொரு புத்தகம் படித்துவிட்டேன். நானே எடுத்து, நானே பிரித்து, கடைசிப் பக்கம் வரை. நம்புவாயா?

ஏற்காடு நூலகத்தில் வாசகர் மலர் ஒன்று போடுகிறார்கள். வருட வாசிப்பைப் பற்றி எழுதித் தரும்படி நூலகர் கேட்டார். எஸ்டேட்டில் முப்பது வருடம் ரைட்டராக இருந்து, ஆள் வருகையும் மழையளவும் எழுதியவன் நான். ஊருக்கு என்ன எழுதுவது? அதனால் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பி.ஏ. படித்த நான் கதைப் புத்தகத்தைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான். கல்யாணமான மூன்றாம் வருடம், வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகாமல், நம் மகள் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் பத்திரிகையைப் பிடுங்கி வைத்தாய்.

"ஏனுங்க, இனிமே நீங்க படிக்க வேண்டாங்க. நான் படிச்சுட்டுச் சொல்றனுங்க. சோத்தத் தின்னுட்டே கேட்டாப் போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சந்தை நாளில் நம் ஊர் கொட்டச்சேட்டிலிருந்து பஸ் ஏறி ஏற்காடு போய்ப் புத்தகம் எடுத்து வருவாய். மதியம் நான் சாப்பாட்டுக்கு வரும் அரை மணி நேரத்தில் சொல்வாய். ஒரு நாவல் பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டுக்கு வரும். நானும் என் வழக்கப்படி, டைரியில் மழையளவுக்குக் கீழே ஒரு வரி குறித்து வைப்பேன். 'மழை ஒன்றரை அங்குலம். குயவர் வீட்டுப் பெண் பஸ் ஏறி அண்ணனிடம் போய்விட்டாள்.'

நீ போன பிறகு அந்த டைரிகளை எடுத்தேன். நீ சொன்ன கதைகளில் சிலவற்றை மாதத்துக்கு ஒன்றாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். முடிவு தெரிந்த கதைகள்தானே, பயமில்லை என்று நினைத்தேன்.

முதல் புத்தகம் குயவர் வீட்டுப் பெண்ணின் கதை. கடைசி அத்தியாயத்தில் அவள் ஏரியில் இறங்கிவிட்டாள். பக்கத்தைத் திருப்பினேன். அட்டைதான் இருந்தது. எந்த பஸ், மரகதம்? அந்தக் கதை நடக்கும் காலத்தில் அந்த ஊருக்குச் சரியான வண்டிப்பாதைகூட இல்லை.

இரண்டாவதில், தூக்குக்குப் போனவனை நீ விடுதலை செய்திருந்தாய். மூன்றாவதில், மலேரியாவில் செத்த தாசில்தாரைப் பிழைக்கவைத்து, பேரன் பேத்தி எடுக்க வைத்திருந்தாய்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டைரியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பழனியம்மாளிடம் போனேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள், ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் குழாயடியில் உன்னிடம் கதை கேட்டவள்.

"ஏம்மா, அந்தக் குயவர் வீட்டுப் பொண்ணு கடைசில என்ன ஆச்சு?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏரில உழுந்து செத்துப்போச்சுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா எங்களுக்கு நெசத்தத்தானுங்க சொல்லும். உங்களுக்குத்தான் மாத்திச் சொல்லும். 'எங்கூட்டுக்காரரு தாங்கமாட்டாரு, வெளிய உட்றாதீங்கடி'ன்னு சொல்லி வெச்சிருந்துச்சு."

"எல்லாருக்குமா தெரியும்?"

"லைன் ஊடு பூராத் தெரியுமுங்க. ஒரு நா காலைல பேர் கூப்புடறப்ப, அந்தத் தூக்குக்காரன் விடுதலையாயிட்டான்னு நீங்க நொம்ப சந்தோசமாச் சொன்னீங்க. நாங்க அத்தன பேரும் தலையாட்டினோம். எங்கூட்டு மேஸ்திரி மட்டும் சிரிப்புத் தாங்காம செடிக்குள்ள போயி உக்காந்துக்கிட்டாரு."

டைரியை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஓர் எஸ்டேட்டே சேர்ந்து காப்பாற்ற வேண்டிய அளவுக்கா நான் கோழையாக இருந்தேன்? சரி, நீ எனக்காக எத்தனை கதைகளை அடுப்படியில் நின்று மறுபடி யோசித்திருப்பாய்?

அதன் பிறகு ஒரு பிடிவாதம் வந்தது. நான்காவதிலிருந்து டைரியை முதலில் பார்ப்பதை விட்டேன். கதையைப் படித்துவிட்டுத்தான் நீ சொன்னதோடு ஒப்பிடுவது. என் தீர்ப்பு சரியா என்று தெரியவில்லை; ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலும் எழுதியவர்கள் சொன்னதே சரி. தாசில்தார் செத்துத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவர் தம்பி திருந்தியதற்குப் பொருளே இல்லை. ஆனால் எட்டாவது நாவலில் உன் முடிவுதான் மேல். எழுதியவர் அவசரப்பட்டு, கதாநாயகி தன் வீட்டைக் கொளுத்துவதாக முடித்துவிட்டார். நீ அந்த அம்மாளை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு நடக்க வைத்தாய். இதை நூலகரிடம், இன்னும் மூன்று பேர் நிற்கும்போது, வாய் திறந்து சொன்னேன். பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

பதினொன்றாவதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். நீ பாதியில் நிறுத்திய கதை அது. காணாமல் போன தம்பியைத் தேடி ஊர் ஊராக அலையும் அக்கா, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நிற்கிறாள். அதுவரை சொன்ன மறுநாள் உன்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனோம். அதன் முடிவு டைரியிலும் இல்லை, குழாயடியிலும் இல்லை. "அந்த அக்காக்காரி உள்ள போனாளாங்க?" என்று பழனியம்மாள் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் கடைசி மதியம் நர்ஸ் இரண்டு முறை வந்து என்னைக் கூப்பிட்டார். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. நான் உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். நான் எங்கே என்று கேட்டாயா?

போன மாதம் ஒரு காலை, வாசலில் வெயிலுக்கு நாற்காலி போட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். தம்பி முந்தின நாளே இறந்திருந்தான். அவள் கதவருகே நிற்கிறாள். ஒரு பக்கம் முழுக்க நிற்கிறாள். புத்தகத்தை மூடிவிடலாமா என்று இருந்தது. நீ இருந்தால் அவனைப் பிழைக்க வைத்திருப்பாய், அதையே முடிவாக வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தைத் திருப்பினேன். அவள் உள்ளே போனாள். தாமதம்தான், ஆனாலும் போனாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சீவிவிட்டு, தேடி வந்த வழியில் பார்த்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். நானும் அவளோடு உள்ளே போனேன், மரகதம். உன் கட்டில் வரைக்கும் வந்தேன். இந்த முறை உன் முகத்தைப் பார்த்தேன்.

அழுதேன். பிறகு எழுந்து காப்பி போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போதுதான் உறைத்தது: நான் ஜெயித்துவிட்டேன்.

லைனில் இப்போது இரண்டு வீட்டில் டிவி இருக்கிறது. ஆனாலும் நான் கதையை முடித்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு, அன்று சாயங்காலம் பழனியம்மாளோடு நாலு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் தடவையாக, முடிவு தெரிந்தவன் நான், தெரியாதவர்கள் அவர்கள். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"ரைட்டரய்யா, இது நெசந்தானுங்களா?" என்றாள் பழனியம்மாள். "எங்க மனசு தாங்காதுன்னு மாத்திச் சொல்லலீங்களே?"

"மாத்தறதா இருந்தா அந்தப் பையனப் பொழைக்க வெச்சிருக்க மாட்டேனா?"

"அதுவுஞ் சரிதானுங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அக்காவா இருந்தா பொழைக்க வெச்சு, கண்ணாலமும் பண்ணி வெச்சிருக்கும்."

அழுத முகத்தோடே எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். எழுந்து போகும்போது ஒருத்தி திரும்பி, "அடுத்த கதை எப்பங்க?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

இனி படிக்கப்போவது நீயும் படிக்காத புத்தகங்கள். அவற்றை நான் படித்து உனக்குச் சொல்கிறேன். உள்ளது உள்ளபடி சொல்வேன். உனக்காக ஒரு முடிவையும் மாற்ற மாட்டேன். நீ தாங்குவாய்.

இனிமேல் உனக்குக் கதை சொல்லப்போகும்,
உன் வீட்டுக்காரன்,
கொட்டச்சேடு.