நீ எழுதி வைத்த விலை

போன செவ்வாய்க்கிழமை காலை என் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தோசைக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றவள், என்னைப் பார்த்துவிட்டு உடனே என் மகனைப் பார்த்தாள். அது எனக்குத் தெரிந்த பார்வை. ஐந்து வருடங்களுக்கு முன்னால் நான் உன்னைப் பார்த்த பார்வை. அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

நடந்தது சின்ன விஷயம். நீ போன பிறகு நானும் நீ வைத்திருந்த அதே பேங்கின் ஷேரில் கொஞ்சம் வாங்கினேன். பென்ஷன் நிலுவை வந்தபோது, உன் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கியது. கணக்கெல்லாம் மகன் போனில்தான். ஆனால் வாங்கிய விலை எனக்கு மனப்பாடம்: எண்ணூற்றி அறுபது. செவ்வாய்க்கிழமை பொழுது போகாமல் என் போனில் அந்த பேங்கின் பழைய விலைகளைத் தேடிப் பார்த்தேன். நான் வாங்கிய நாளுக்கு நேராக நானூற்று முப்பது என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். முந்தைய நாள், அடுத்த நாள், எல்லாமே அந்த அளவிலேயே அமைதியாக நின்றன. அந்த பேங்க் என்றைக்குமே எண்ணூறைத் தொட்டதில்லை என்பது போல.

“நான் வாங்குன வெல இது இல்ல. பழைய வெலய மாத்திட்டாங்க” என்றேன். அப்போதுதான் மருமகள் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது, என் வாயிலிருந்து வந்தது உன் வாக்கியம் என்று.

தல்லாகுளத்தில் அந்த ஆபீசில் நாம் எதிரெதிர் மேசையில் இருபத்திரண்டு வருடம் இருந்தோம். நான் சமயநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். நீ மஹால் பக்கத்துச் சந்திலிருந்து வருவாய். உன் அம்மா போன் செய்தால் உங்கள் வீட்டுப் பாஷையில் கடகடவென்று பேசிவிட்டு, வைத்ததும் என்னிடம் தமிழுக்குத் திரும்புவாய். உன் அப்பா நெசவில் மிச்சம் பிடித்து உன் பெயரில் வாங்கிப் போட்டது அந்த பேங்க் ஷேர். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பேப்பரின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து, பொடி எழுத்தில் அந்த ஒரே ஒரு வரியைத் தேடி, நீளமான நோட்டில் முந்தைய நாள் விலையை அந்த நாளின் தேதி போட்டு எழுதுவாய். வலது ஓரத்தில் அன்றைக்கு நடந்ததில் ஏதாவது ஒன்று. ‘தம்பிக்குக் காய்ச்சல்’, தம்பி என்று நீ சொல்வது உன் மகனை. ‘பொங்கல் முன்பணம்.’ ‘மழை, பஸ் இல்லை.’ விற்கப் போவதுமில்லை, வாங்கப் போவதுமில்லை, எதற்கு இந்த வேலை என்று கேட்டிருக்கிறேன்.

“சனங்க எப்பப்ப பயந்தாங்கன்னு இதுல தெரியுதுடி” என்றாய். “நாம அன்னைக்கு என்ன செஞ்சுட்டு இருந்தோம்னு பக்கத்துல இருந்தாத்தான் வெல நெசம் மாதிரி இருக்கு.”

பிறகு உன் வீட்டுக்காரர் நோயில் படுத்தார். நோட்டை மூடி வைத்தாய். மருத்துவமனை, அவர் மறைவு, நம் ஓய்வு என்று ஏழெட்டு வருடங்கள் போயின. அந்த வருடங்களில் நீ அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஓய்வுக்குப் பிறகு உன் மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். விடுபட்ட வருடங்களின் விலையை அதில் பார்த்து நோட்டில் நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தாய். அங்கேதான் ஆரம்பித்தது.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டுவதற்காக வருடம் ஒரு முறை போய் நிற்போமே, அந்த நேர்காணல் வரிசையில்தான் என்னிடம் கேட்டாய். மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்தாய். ஒரு பக்கத்தில் உன் கையெழுத்தில் ஆயிரத்து நாற்பது. போனில் அதே தேதிக்கு இருநூற்று எட்டு. வேறொரு பக்கம் காட்டினாய், அதுவும் பொருந்தவில்லை. எந்த நாளுமே பொருந்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாய்.

“இது நான் எழுதுன வெல இல்லடி. யாரோ பழசெல்லாத்தையும் மாத்திட்டாங்க.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். “நீ தப்பா எழுதியிருப்ப. போனு எப்படித் தப்பாச் சொல்லும்?”

“எல்லா நாளுமா?” என்றாய். “இம்புட்டு வருசம், எல்லா நாளுமா தப்பா எழுதியிருப்பேன்?”

வரிசை நகர்கிறது, நட என்றேன். ஜன்னலுக்குள் இருந்தவர் நம் இருவர் முகத்தையும் பார்த்து, உயிரோடு இருப்பதாகக் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நீ போன் செய்தால் எனக்கு எடுக்கத் தயக்கமாக இருந்தது. விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய். வேறு கேள்விகள் கேட்க ஆரம்பித்தாய். “வாடிப்பட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனமே, நெசமாவே போனோமா?” என்று ஒரு நாள். போனோம், பஸ்ஸைத் தவற விட்டுவிட்டுப் புளிய மரத்தடியில் நின்றோம் என்றேன். “யாரு காது?” என்று கேட்டாய். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. ஆபீசில் யாரோ ஒருவரின் பேத்தி. “அதான்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு முழுக்க நான் அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. அந்த எரிச்சலில்தான் உன் அடுத்த அழைப்பை எடுக்காமல் விட்டேன்.

உன் மகன் உன்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வருட நேர்காணலுக்கு அவன்தான் உன்னைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தாய், ஆனால் மஞ்சப்பை இல்லை. அதற்கு அடுத்த வருடம் நீ வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று தகவல் வந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என் மகன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பேங்க் போன மாதம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் ஷேர் கொடுத்திருக்கிறதாம். என் ஷேர்கள் இரண்டு மடங்காகிவிட்டனவாம், சொல்ல மறந்துவிட்டேன் என்றான்.

“ஒரு தேங்காய ரெண்டு மூடியா ஒடச்சா ஒரு மூடி வெல பாதிதானம்மா? முன்னாடி தேங்கா வெலயா இருந்தத இப்ப மூடி வெலயா மாத்திப் போட்டுருவாங்க. இல்லைன்னா வெலயக் காட்டுற கோடு ஒரே நாள்ல பாதியா விழுந்த மாதிரித் தெரியும். அம்புட்டுத்தான்.”

இன்னும் பழசைப் பார்க்கச் சொன்னேன். தேடிவிட்டு, பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ஷேரை ஐந்தாகவும் பிரித்திருக்கிறார்கள் என்றான். உன் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்த வருடம் அது. ஆயிரத்து நாற்பதை ஐந்தால் வகுத்தால் இருநூற்று எட்டு. வாழ்நாள் முழுக்கப் பட்டியல் கூட்டிச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள் நாம். இரண்டு பேரில் ஒருவருக்கும் அன்றைக்கு வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் மகன் எனக்கு விளக்கி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். சந்தில் வெயில் கொட்டிக் கிடந்தது, உள்ளே மட்டும் குளிர்ச்சியும் இருட்டும். உன் மகன் சாப்பிட வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து போய் பீரோவிலிருந்து நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான்.

திறந்தேன். ஒவ்வொரு வரியிலும் நீ எழுதியிருந்த விலை சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. மேலே பொடியாக, போன் காட்டிய விலை. கோணல் இல்லாத உன் கையெழுத்து. பக்கம் பக்கமாக நீயே உன்னைத் திருத்தியிருந்தாய். ஆயிரத்து நாற்பதின் மேல் இருநூற்று எட்டு. என் போனை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தேன். இப்போது நூற்று நான்கு. நீ அடித்துத் திருத்தியதும் பொருந்தவில்லை. நீ போன பிறகும் அந்த விலை மாறியிருந்தது.

பிறகுதான் வலது ஓரங்களைப் பார்த்தேன். நீ குறித்து வைத்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிவப்புக் கேள்விக்குறி. ‘தம்பிக்குக் காய்ச்சல்?’ ‘மழை, பஸ் இல்லை?’ ‘வாடிப்பட்டி காதுகுத்து?’ உன் மகன் எட்டிப் பார்த்தான். தன் காய்ச்சலுக்கு எதிரே இருந்த குறியின் மேல் விரலை வைத்தான்.

“பெரியம்மா, டாக்டர்ட்ட வர மாட்டேன்னுதான் அம்மா சொல்லிட்டே இருந்தாங்க” என்றான் பிறகு. “என் நோட்டு சரின்னு சண்ட போடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் நேர்காணல் போய்ட்டு வந்தீங்கள்ல, அன்னைக்குச் சாயங்காலம் வந்து, ‘அவளே சொல்லிட்டா, நாந்தான் தப்பா எழுதியிருக்கேன். எப்பப் போகணும் சொல்லு’ன்னாங்க.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது, “மாத்திரைய நாந்தான் எண்ணி எண்ணிக் கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னான். நோட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

அத்தனை வருடம் உன் கையால் எழுதியதை விட்டுவிட்டு, வரிசையில் நின்றபடி நான் சொன்ன ஒரு பேச்சை நம்பியிருக்கிறாய். அதைச் சுமந்துகொண்டுதான் இப்போது நடமாடுகிறேன். விலைகளை நான் தொடவில்லை. கேள்விக்குறிகளுக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும், ‘நடந்தது’ என்று எழுதிக்கொண்டு வருகிறேன். தினமும் காலையில் இரண்டு பக்கம். நேற்று ஒரு வரி வந்தது. ‘இவளோடு தெப்பக்குளம், கரையில் உட்கார்ந்து அழுதாள்.’ இவள் என்றால் நான்தான், உன் நோட்டில் வேறு யாரையும் நீ அப்படி எழுதியதில்லை. எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் எனக்கு ஞாபகம் இல்லை. எதற்கு அழுதேன் என்றும் தெரியவில்லை. கேட்கவும் இனி யாரும் இல்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன், திரும்பி வந்தேன். உன் கையெழுத்தை நம்பி, நடந்தது என்று எழுதினேன்.